நான் வண்டியை நிறுத்தவில்லை

என் மேல் ஒரு வழக்கும் கிடையாது. போர்ட் பிளேரில் பதினான்கு வருடம் சுற்றுலா வண்டி ஓட்டினேன். ஜாரவா காட்டுச் சாலையில் ஒரு நாளும் போலீஸ் என்னைப் பிடித்ததில்லை. அந்தச் சாலையில் வண்டியை நிறுத்தக்கூடாது, முந்தக்கூடாது, 40 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, யாருக்கும் எதுவும் கொடுக்கக்கூடாது. வண்டி வாங்கிய பிறகு இதில் எதையும் நான் மீறவில்லை. நிறுத்தவில்லை, மெதுவாகப் போனேன். மெதுவாகப் போகக்கூடாது என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை.

ஊர் தெரியாதவர்களுக்காக வழியைச் சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேர் இருப்பது தெற்கு அந்தமானில். அதற்கு வடக்கே பாராடாங், அடுத்து நடு அந்தமான், கடைசியில் வட அந்தமான். வரைபடத்தில் ஒரே நிலம் போலத் தெரியும். ஆனால் எல்லாம் தனித்தனித் தீவுகள். இடையில் ஆறு மாதிரி ஒடுங்கிய கடல், இரண்டு கரையிலும் அலையாத்திக் காடு, முதலை எச்சரிக்கைப் பலகைகள். போர்ட் பிளேரிலிருந்து டிக்லிபூர் வரை சுமார் 330 கிலோமீட்டர் அந்தமான் டிரங்க் ரோடு இந்தத் தீவுகளைக் கோத்துக்கொண்டு போகிறது. கடல் குறுக்கிடும் இடத்தில் வண்டியை ஃபெர்ரியில் ஏற்ற வேண்டும். தெற்கு அந்தமானுக்கும் பாராடாங்குக்கும் நடுவே மிடில் ஸ்ட்ரெய்ட். பாராடாங்குக்கும் நடு அந்தமானுக்கும் நடுவே ஹம்ஃப்ரே நீரிணை. நான் ஓட்டிய காலத்தில் பெரும்பாலும் இரண்டிலும் ஃபெர்ரிதான். ஹம்ஃப்ரே நீரிணையில் இப்போது ஆசாத் ஹிந்த் ஃபௌஜ் சேது என்று ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான பாலம் வந்துவிட்டது. வட அந்தமானுக்குப் போகும் ஆஸ்டின் நீரிணையில் அதற்கு வெகு முன்பே பாலம் போட்டுவிட்டார்கள். மிடில் ஸ்ட்ரெய்ட்டில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஃபெர்ரிதான்.

அந்த ஃபெர்ரி கிளம்பும் ஜெட்டிக்குப் போய்ச் சேர, அதற்கு முன்னால் ஜிர்காடாங் செக்போஸ்டைத் தாண்டிக் காட்டுக்குள் போக வேண்டும். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட காடு அது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். உள்ளே வாழ்பவர்களை நாம் ஜாரவா என்கிறோம். அவர்கள் தங்களை ஆங் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஜாரவா என்பது வேறொரு அந்தமான் குழுவினர் அவர்களுக்கு வைத்த பெயர். அந்நியர் என்று பொருளாம். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 380 பேர். அந்தப் பெயரின் பொருளை நான் தெரிந்துகொண்டது வண்டியை விட்ட பிறகுதான். அத்தனை வருடமும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் சம்பாதித்தேன்.

என் தொழிலின் நேரக்கணக்கு இப்படி இருக்கும். முதல் கான்வாய் காலை ஆறு மணிக்கு. அதில் இடம் பிடிக்க வேண்டுமென்றால் ஓட்டலிலிருந்து ஆட்களை விடிவதற்கு வெகு முன்பே ஏற்ற வேண்டும். ஜிர்காடாங்கில் இருட்டிலேயே வண்டிகள் வரிசையாக நிற்கும். படிவம் நிரப்பி, எல்லாருடைய அடையாள அட்டை நகலையும் கொடுத்துவிட்டு வந்தால், ஆட்கள் டீக்கடையில் பூரியோ வடையோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். முன்னால் போலீஸ் வண்டி, பின்னால் போலீஸ் வண்டி, நடுவில் நாங்கள். வரிசை கிளம்பும்.

அந்த டீக்கடையில்தான் கேள்வி வரும். ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்த நம் ஆட்கள் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

“தம்பி, அவங்களப் பாக்க முடியுமா?”

சட்டப்படி நான் சொல்ல வேண்டிய பதில் ஒன்று உண்டு. “அதெல்லாம் கூடாது சார். இது போற வழி, அவ்வளவுதான்.” அதை நான் சொல்லுவேன். சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை அவர்கள் புரிந்துகொள்வார்கள். “அதிர்ஷ்டம் இருந்தா பாக்கலாம். வலது பக்கம் உக்காருங்கக்கா” என்பேன் சில நாள். புலியைப் பார்க்க முதுமலைக்குப் போகிறவர்களிடம் ஜீப் ஓட்டுபவர் பேசும் பேச்சு அது. மனிதர்களைப் பற்றி நான் அப்படிப் பேசினேன். ஒரு முறை, இரண்டு முறை அல்ல.

மெதுவாகப் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. கான்வாயில் முன் வண்டியை ஒட்டிப் போனால் மெதுவாக்க முடியாது. பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான். அதனால் காட்டுக்குள் நுழைந்ததுமே கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி, முன் வண்டிக்கும் நமக்கும் நடுவே ஒரு இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளிதான் கைமுதல். சாலையோரம் யாராவது தெரிந்தால் வேகத்தை இருபதுக்கு, பதினைந்துக்குக் கொண்டுவரலாம். ஆட்கள் பார்த்து முடித்ததும் மிதித்து, முன் வண்டியைப் பிடித்துவிடலாம். பின்னால் வரும் டிரைவரும் நம் தொழில்காரன்தானே, அவனுக்கும் அதே தேவைதான். அவனும் பொறுத்துக்கொள்வான். போலீஸ் வண்டிகள் இரண்டு கோடியில் இருக்கும். இப்படி ஒரு முறை இருக்கிறது என்பது எங்களில் பலருக்குத் தெரியும், ஆனால் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதில்லை. நானாகக் கண்டுபிடித்தேன் என்று நினைத்துக்கொண்டு அதில் எனக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

ஜெட்டி வந்ததும் எல்லாரும் இறங்குவார்கள். குகை பார்த்துவிட்டு அன்றே திரும்புகிறவர்கள் வண்டியை இந்தக் கரையிலேயே விட்டுவிட்டு ஃபெர்ரியில் நடந்து ஏறுவார்கள்; அந்தப் பக்கம் நிலம்பூர் ஜெட்டியில் இறங்கிச் சின்ன மோட்டார் படகில் சுண்ணாம்புக் குகைக்குப் போவார்கள். இன்னும் வடக்கே ரங்கத், டிக்லிபூர் போகிறவர்களுக்கு மட்டும் வண்டியும் ஏற வேண்டும். பேருந்தானாலும் காரானாலும் ஆட்களை இறக்கிவிட்டுத்தான் வண்டியை ஏற்றுவோம். நீர்மட்டம் இறங்கியிருந்தால் ஏறும் பலகை சரிவாக இருக்கும். படகு ஆள் கைகாட்டக் காட்ட, அங்குலம் அங்குலமாக உள்ளே விட வேண்டும். பக்கத்துப் பேருந்துக்கும் நம் கதவுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்தான் இருக்கும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரில் விட்டு, ஜன்னல் வழியாகவோ ஒருக்களித்தோ வெளியே வருவோம். பிறகு கால் மணி நேரம்கூட ஆகாத ஒரு பயணம். பச்சைத் தண்ணீர், டீசல் வாசனை, இரும்புத் தளத்தின் அதிர்வு.

அந்தக் கால் மணி நேரத்தில் ஃபெர்ரி முழுக்க ஒரே பேச்சாக இருக்கும். எத்தனை பேரைப் பார்த்தீர்கள், நாங்கள் மூன்று, எங்களுக்கு ஒருத்தர்கூட இல்லை, அந்த வெள்ளை வண்டிக்காரர்களுக்கு ஒரு கூட்டமே கிடைத்ததாம். கிடைத்ததாம் என்றுதான் சொல்வார்கள். கடலைப் பார்க்கிறவர்கள் குறைவு. இரண்டு தீவுகளுக்கு நடுவே மிதந்துகொண்டிருக்கிறோம் என்பதே பலருக்கு நினைவிருக்காது. எந்த வண்டிக்குக் ‘கிடைத்தது’ என்று தெரிந்துவிட்டால் அந்த டிரைவரின் பெயரும் நம்பரும் அங்கேயே கைமாறும். என் நம்பர் பலமுறை கைமாறியிருக்கிறது.

2012 ஜனவரியில் அந்த வீடியோ வந்தது. ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடச் சொன்ன வீடியோ. பிரிட்டன் பத்திரிகை ஒன்று வெளியிட்டு, உலகம் முழுக்கப் பேச்சானது. எங்கள் டாக்ஸி ஸ்டாண்டில் ஒருவர் போனைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று பார்த்தோம். எல்லாரும் திட்டினார்கள், நானும் திட்டினேன். உண்மையில் எனக்குள் ஓடியது வேறு. அதில் என் வண்டி இல்லை, என் குரல் இல்லை என்று நிம்மதியாக இருந்தது. அந்தப் பெண்களைப் பற்றி அன்று நான் நினைக்கவே இல்லை.

அடுத்த வருடம் ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சாலையில் சுற்றுலாப் பயணிகள் போக இடைக்காலத் தடை போட்டது. மார்ச் வரை தடை இருந்தது. சீசன் நேரம். வண்டிக்கு மாதத் தவணை நின்றது. நீதிமன்றத்தையும், வழக்குப் போட்டவர்களையும், ‘எங்கேயோ உக்காந்துகிட்டு காட்டைப் பத்திப் பேசுறவங்க’ளையும் சபித்தேன். அந்தச் சாலையை மூடச் சொல்லி அதே நீதிமன்றம் 2002 மே மாதமே உத்தரவு போட்டிருந்தது என்பது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். அதுவரை நிறைவேறாத உத்தரவு இனியும் நிறைவேறாது என்று நம்பித்தான் நான் கடன் வாங்கி வண்டியே எடுத்தேன்.

இதைவிட மோசமான ஒன்றை வண்டி ஓட்டிய அந்த வருடங்களில் செய்துகொண்டிருந்தேன். அதைக் குற்றம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரங்கத்துக்குப் போர்ட் பிளேரிலிருந்து படகு உண்டு. டிக்லிபூர்ப் பக்கம் ஏரியல் பேவுக்கு இரவில் கிளம்பும் கப்பல் உண்டு. காட்டையே தொடாமல் கடல் வழியாகப் போய்ச் சேரலாம். சிலர், குறிப்பாக வயதானவர்கள், விவரம் தெரிந்துகொண்டு வந்து “போட்லயே போயிடலாமே தம்பி” என்பார்கள். நான் உடனே ஆரம்பிப்பேன். போட் நேரத்துக்கு வராதுங்க. டிக்கெட்டுக்கு வரிசையில நிக்கணும். கடல் ஏறியிருந்தா வாந்திதான், பாட்டிம்மா தாங்க மாட்டாங்க. கார்ல போனா வாசல்ல ஏறி வாசல்ல இறங்கலாம், ஃபெர்ரி அனுபவமும் ஆச்சு. இதில் பாதி உண்மை. பாதி உண்மையாக இருந்ததால்தான் என்னால் முகம் மாறாமல் சொல்ல முடிந்தது. எத்தனை குடும்பத்தைக் கடலிலிருந்து அந்தக் காட்டுக்குத் திருப்பிவிட்டேன் என்று எண்ணிப் பார்க்க முயன்றிருக்கிறேன். முடியவில்லை.

என் அப்பா அந்தப் படகில்தான் போவார். அதைச் சொல்லாமல் இந்தக் கதை முழுதாகாது. அவர் ராமநாதபுரம் சீமையிலிருந்து கூலியாக வந்தவர். எழுபதுகளில் அந்தச் சாலை போடும் வேலையில் இருந்தார். காட்டை வெட்டிச் சாலை உள்ளே போகப் போக, உள்ளே இருந்தவர்கள் அம்பால் பதில் சொன்ன காலம் அது. வேலையாட்கள் செத்திருக்கிறார்கள், காவலுக்குப் போலீஸ் துப்பாக்கியோடு நிற்கும். முகாமில் இரும்புத் துண்டு காணாமல் போகும், அது அம்பு முனையாகத் திரும்பி வரும் என்று அப்பா சொல்வார். சின்ன வயதில் எங்களுக்கு அது பேய்க்கதை மாதிரி. ஆனால் சாலை போட்டு முடித்த பிறகு அவர் அதில் ஒருமுறைகூடப் பயணம் செய்யவில்லை. ரங்கத்தில் அத்தை வீடு இருந்தது. கல்யாணம், சாவு எதுவானாலும் படகுக்கு டிக்கெட் வாங்கி, தூக்கு வாளியில் சோறு கட்டிக்கொண்டு கடலில் போவார். நான் வண்டி வாங்கிய புதிதில், “வாங்கப்பா, நம்ம வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன், நீங்க போட்ட ரோடுதானே” என்றேன். “நீ போ. எனக்கு போட் இருக்கு” என்றார். பழைய பயம் என்று நினைத்துக்கொண்டு, என் ஆட்களிடம் அதையும் ஒரு கதையாகச் சொன்னேன். “எங்கப்பா இந்த ரோட்ட போட்டவர் சார், அம்புக்கு நடுவுல.” அந்தக் கதைக்குக் கூடுதலாக டிப்ஸ் வரும். அது பயம்தானா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கேட்க அவர் இல்லை.

இனிச் சொல்ல வேண்டியது 2017 டிசம்பரில் ஒரு நாள்.

திருப்பூரிலிருந்து வந்த குடும்பம். கணவன், மனைவி, கணவனின் அம்மா, ஆறு வயதுப் பையன். டிக்லிபூர் வரை போகிற பயணம், அதனால் வண்டியோடு ஃபெர்ரி. முதல் கான்வாய். வழக்கம்போலப் பின்தங்கினேன். மிடில் ஸ்ட்ரெய்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் ஒரு குழந்தை. எப்படி இருந்தார், என்ன அணிந்திருந்தார் என்றெல்லாம் எழுத மாட்டேன். எழுதினால் உங்களுக்காகவும் ஒருமுறை வண்டியை மெதுவாக்கியது போல ஆகிவிடும். கையை மட்டும் சொல்கிறேன்.

நான் பதினைந்துக்கு வந்தேன். பின் இருக்கையில் எல்லாரும் ஒரே ஜன்னலுக்கு நகர்ந்தார்கள்; வண்டி ஒரு பக்கம் அமுங்கியது எனக்கு ஸ்டியரிங்கில் தெரிந்தது. அந்தப் பெண் கையைத் தூக்கி அசைத்தார். வெளிப்புறமாக, மணிக்கட்டிலிருந்து, இரண்டு மூன்று முறை. பையன் கத்தினான், “அம்மா, டாட்டா காட்றாங்க!” அவன் அம்மா என்னைக் கேட்டார், “ஏன் தம்பி, டாட்டாவா காட்டினாங்க?”

“ஆமாக்கா. நல்லவங்க. நம்மளக் கண்டா அவங்களுக்கும் சந்தோஷம்.”

வெளியே நின்ற அந்தப் பெண் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பின்னால் இருந்தவர்களை அல்ல. வண்டியை ஓட்டுபவன் யார், மெதுவாக்குகிறவன் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை நானும் அந்தக் கணமே உணர்ந்தேன். உணர்ந்துகொண்டேதான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

ஃபெர்ரியில் வண்டியை ஏற்றிவிட்டு ஓரமாக வந்து நின்றேன். பையன் தளத்தில் ஒவ்வொருவரிடமாகப் போய் அந்தக் கையசைப்பைச் செய்து காட்டிக்கொண்டிருந்தான். குழந்தைகள் எதையும் அப்படியே பிடித்துவிடுவார்கள். மணிக்கட்டின் திருப்பம், விரல்களின் விறைப்பு, கை வெளியே தள்ளுகிற வேகம், எல்லாம் அப்படியே. “இப்படி டாட்டா காட்டினாங்க. இப்படி.” ஒரு பாட்டி சிரித்தபடி அவனைப் பார்த்து டாட்டா காட்டினார். அவருடைய கையும் பையனுடைய கையும் எதிரெதிரே அசைந்தன. இரண்டும் ஒன்றல்ல. அவர் கை வா, போய்வா என்கிற கை. அவன் கை கோழியை விரட்டுகிற கை, திண்ணையில் ஏறும் நாயை விரட்டுகிற கை. போ என்கிற கை. என் அம்மா முற்றத்தில் மாவு காயவைத்துவிட்டுக் காக்கையைப் பார்த்து அசைக்கும் அதே கை.

போ என்று அந்தப் பெண் சொன்னார். அதை நான் டாட்டா என்று மொழிபெயர்த்துச் சொன்னேன்.

மறு கரை வருவதற்குள் பையன் அதை முப்பது பேருக்காவது செய்து காட்டியிருப்பான். ஒருவரும் திருத்தவில்லை. திருத்த வேண்டியவன் நான் ஒருவன்தான். இறங்கும்போது அவன் அப்பா என் தோளைத் தட்டி, “உங்க புண்ணியத்துல பாத்தாச்சு” என்று ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். உத்தரா ஜெட்டிக்குப் போகும் அடுத்த ஃபெர்ரிக்குக் காத்திருந்தபோது அந்தப் பணத்தில்தான் டீசல் போட யோசித்தேன் என்பதும் நினைவிருக்கிறது.

அதோடு நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நிறுத்தவில்லை. அதன் பிறகும் இரண்டு வருடத்துக்கு மேல் அதே சாலையில், அதே இடைவெளி விட்டு ஓட்டினேன். ஒரே ஒரு மாற்றம், மெதுவாக்கும்போது நான் வலது பக்கம் பார்க்க மாட்டேன். நேராகச் சாலையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்காமல் இருந்தால் என் பங்கு குறையும் என்று எப்படியோ நம்பினேன். 2020இல் கொரோனா வந்து சுற்றுலாவே நின்றுபோனது. தவணை கட்ட முடியாமல் தம்பி பெயருக்கு வண்டியை மாற்றிவிட்டேன். நான் அந்தச் சாலையை விட்டதற்குக் காரணம் மனசாட்சி அல்ல, வங்கி. இதை என்னைத் தெரிந்தவர்கள் சிலர் வேறு மாதிரி சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களை நான் திருத்தியதில்லை. இப்போது திருத்துகிறேன்.

உத்தரா ஜெட்டி என்றதும் நினைவுக்கு வருவது இன்னொன்று. இதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

சொந்த வண்டிக்கு முன்னால் நான் லாரியில் ஹெல்பராக இருந்தேன். ரங்கத்துக்கும் மாயாபந்தருக்கும் சிமெண்டும் காய்கறியும் ஏற்றிப் போவோம். 1996இல் எம்மே என்ற ஜாரவாச் சிறுவன் கால் முறிந்து கடம்தலா அருகே கிடந்தான். போர்ட் பிளேரில் சில மாதம் சிகிச்சை பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு அடுத்த வருடக் கடைசியிலிருந்து அவர்கள் பகலிலேயே, அம்பில்லாமல், வெளியே வரத் தொடங்கினார்கள். கடம்தலா, உத்தரா பக்கம் ஜெட்டிகளில் வந்து நிற்பார்கள். வாழைப்பழமும் தேங்காயும் கொடுப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. அடுத்து, 1999இல் அவர்களிடையே அம்மை பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும் அந்தமானியர்கள் அம்மையால் கூட்டம் கூட்டமாக அழிந்த தீவு இது. ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் இன்று ஐம்பது பேர் அளவில்தான் இருக்கிறார்கள். நம் மூச்சே அவர்களுக்கு ஆபத்து என்பது அன்றே எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான் அதன் பிறகும் ஜெட்டியில் அவர்களுக்கு ஓரடி தூரத்தில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

2000ஆம் ஆண்டு என்று நினைவு. ஃபெர்ரி மறு கரையில் நின்றது. லாரி வரிசையில். நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையில் புகையிலையைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதிருக்கும், ஒரு பையன் வந்து நின்று என் கையையே பார்த்தான். நீட்டினேன். டிரைவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அவன் வாங்கி வாயில் போட்டு, முகம் கோணி, துப்பி, கண்ணில் தண்ணீர் வர இருமினான். நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். இரண்டு வாரம் கழித்து மறுபடி அந்த ஜெட்டியில் நின்றோம். அவன் வந்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டான். கையை நீட்டி, புகையிலைக்கு நாங்கள் சொல்லும் இந்திச் சொல்லைத் தெளிவாகச் சொன்னான். அவனுக்கு அப்போது நம் பேச்சில் மொத்தம் எத்தனை சொல் தெரிந்திருக்கும்? அதில் ஒன்று நான் கற்றுக்கொடுத்தது. அன்றும் கொடுத்தேன். இந்த முறை அவன் துப்பவில்லை.

பிறகு அவர்களிடையே புகையிலையும் சாராயமும் நுழைந்ததைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும்போதெல்லாம், யாரோ வெளியாட்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். அந்த வெளியாட்களில் ஒருவனுக்கு என் முகம் இருக்கிறது. அந்தப் பையன் உயிரோடிருந்தால் அவனுக்கு இப்போது வயது நாற்பதை நெருங்கும். 2017இல் வளைவில் நின்ற பெண்ணுக்கு அவன் அண்ணனாகவோ கணவனாகவோ இருக்கலாம். அவர்கள் மொத்தம் சில நூறு பேர்தான். அந்தச் சாலையில் என்னைப் பார்த்துப் போ என்று சொல்ல அவர்கள் ஒவ்வொருவருக்கும் காரணம் இருந்தது.

இப்போது வண்டியைத் தம்பி மகன் ஓட்டுகிறான். இருபத்தி மூன்று வயது. போர்ட் பிளேரின் பெயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. கான்வாய் மாறவில்லை, ஜிர்காடாங் டீக்கடை மாறவில்லை. போன வாரம் முதன்முறையாக டிக்லிபூர் வரை ஆட்களை ஏற்றிப் போக அவனுக்கு சவாரி வந்தது. முந்தைய நாள் இரவு வந்து என்னிடம் வழி கேட்டான். ஃபெர்ரியில் எப்படி ஏற்ற வேண்டும், தண்ணீர் இறங்கியிருந்தால் பலகையில் பம்பர் இடிக்காமல் எப்படி விட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கடைசியில் அவனும் கேட்டான்.

“பெரியப்பா, அவங்களப் பாக்க முடியுமான்னு கேப்பாங்களாமே. என்ன சொல்றது?”

“போட் டைம் என்னன்னு முதல்ல சொல்லு. போட்ல போறவங்கள போட்ல போக விடு.”

“அப்ப சவாரி போயிடுமே?”

“போகட்டும். கார்ல வர்றவங்கள மட்டும் ஏத்து. காட்டுக்குள்ள போனதும் முன்னால போற வண்டிய ஒட்டியே போ. எடவெளி விடாத.”

“ஏன் பெரியப்பா?”

“சொன்னதச் செய்” என்று எழுந்துவிட்டேன். காரணத்தை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் படிப்பான் என்றுதான் இதை எழுதினேன்.